நாங்கள் சிரித்த இரு நாள்கள்

ஆடி மாதத்துச் சாரல் பெங்களூரில் பெய்கிறதா, காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று சொல்வது கடினம். அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அலுவல் நிமித்தம் மங்களூர் செல்லவேண்டியிருந்த மகனும் மருமகளும், பேத்தியை அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் விட்டுச் சென்றனர். பதினொரு வயதுச் சிறுமி, ஒயிட்ஃபீல்டில் படிக்கிறாள். ஆங்கிலம், இந்தி, கன்னடம் மூன்றையும் எழுதுவாள், படிப்பாள். தமிழ் மட்டும் அவளுக்குக் காதோடு நின்றுவிட்ட மொழி. நாங்கள் தமிழில் கேட்போம். அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். இந்த ஏற்பாடு இரு தரப்பினருக்கும் பழகிப்போய், அதில் குறை ஒன்றும் தோன்றாத நிலைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

ஏரிக்கரைக்குச் செல்ல மழை விடவில்லை. எங்களோடு சதுரங்கம் ஆடினாள், வென்றாள், சலித்தாள். பிறகு, படம் பார்க்கலாம் என்றாள். சிரிப்புப் படமாக இருக்கவேண்டும், அதில் யாரும் சாகக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தாள். நிபந்தனை நியாயமானதாகவே எங்களுக்குப் பட்டது. ஆகவே, தமிழ்ப் படமாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்த்தோம்.

1973இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடியாத்தத்திலிருந்து இந்நகருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலருக்கும் இதுபோன்ற ஒரு கதை இருக்கும். அந்நாளில் படம் பார்ப்பது என்பது, குளித்து, நல்ல உடை உடுத்தி, அஜந்தாவிலோ லாவண்யாவிலோ வரிசையில் நின்று பெறவேண்டிய ஒன்று. வரிசையிலேயே பாதித் தமிழகத்தைச் சந்தித்துவிடலாம். இன்றோ, எண்பதாண்டுப் படங்கள் அனைத்தும் வரவேற்பறைச் சுவரில் வந்து காத்து நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் அரைமணி நேர வழக்கு நடந்தது. முடிவில், மூத்ததிலிருந்து தொடங்குவோம் என்று 'சபாபதி'யைத் தொடங்கினோம்.

ஏ.வி. மெய்யப்பன் 1941இல் எடுத்த படம் அது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் திரைக்கு வந்தது. படிப்பு ஏறாத செல்வர் வீட்டு மகன் சபாபதியாக டி.ஆர். இராமச்சந்திரன், அதே பெயருடைய வேலைக்காரனாகக் காளி என். இரத்தினம். சம்பந்தனார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்குவதற்குத் தூண்டுகோலாக இருந்தவை, அவ்வாண்டு பல்லாரியிலிருந்து அங்கு வந்து கிருஷ்ணமாச்சாரியார் குழுவினர் நடித்துக் காட்டிய தெலுங்கு நாடகங்களே. பல்லாரி இன்று கருநாடக மாநிலத்து ஊர். தமிழ்நாட்டு மேடைக்கு ஒரு பொறி இத்திசையிலிருந்து போயிற்று என்பதைப் பேத்தியிடம் சொன்னோம். அவள் கொட்டாவி விட்டாள்.

அப்படத்தின் வேலைக்காரன், எஜமானன் சொல்லும் சொல்லைச் சொல்லளவிலேயே பற்றிக்கொண்டு நிறைவேற்றுகிறவன். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாக மடன் என்பதைக் கூறுவார். கொண்டதை விடாத தன்மை அது. அதற்கு இரத்தினத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு உரைகாரர்களுக்கும் கிடைத்திராது. ஆனால் இந்த நகைக்கு ஒரு முன்தேவை இருக்கிறது. சொல்லுக்குச் சொல்லளவில் ஒரு பொருளும் வழக்கில் ஒரு பொருளும் உண்டு என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தமிழில் நாம் தலையையும் வாருகிறோம், காலையும் வாருகிறோம். சோடாவை உடைக்கிறோம், பேச்சை எடுக்கிறோம், வழியை விடுகிறோம். இவற்றைப் பேத்திக்கு விளக்கத் தொடங்கினோம். விளக்க விளக்க, சிரிப்பு எங்கள் கைகளிலேயே செத்துக்கொண்டு வந்தது. யாரும் சாகக் கூடாது என்ற நிபந்தனையை முதற்படத்திலேயே நாங்கள் மீறிவிட்டோம்.

படத்தை நிறுத்திவிட்டுப் பகலுணவுக்கு எழுந்தோம். எங்களுள் ஒருவருக்கு அன்று மனம் சற்றுச் சோர்ந்திருந்தது. குழந்தை தமிழ் படிக்கவில்லையே என்ற வருத்தம் பழையது, அது தழும்பாகிவிட்டது. அவளுக்குத் தமிழில் சிரிப்பு வரவில்லையே என்பது புதியது. திருக்குறளைப் பிற்காலத்தில் ஆங்கிலத்திலாவது அவள் படித்துக்கொள்வாள். சிரிப்பை யார் அவளுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பார்?

மாலையில் 'காதலிக்க நேரமில்லை'. இதற்கு ஆங்கில அடிவரிகள் இருந்தன; ஆதலால் விளக்கவுரை வேண்டா என்று பேத்தி எங்களுக்கு வாய்ப்பூட்டு இட்டாள். படம் தொடங்கிய சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். கன்னடர், எண்பதைக் கடந்தவர், நாங்கள் 'அக்கா' என்று அழைத்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகிறது. தொலைக்காட்சிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

அடிவரிகளின் விந்தையை அன்றுதான் கவனித்தோம். எழுத்து முந்திக்கொள்கிறது. நடிகர் வாயைத் திறக்குமுன் பேத்தி சிரித்து முடித்துவிடுகிறாள். நாங்கள் சிரிக்கும்போது அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருக்கிறாள். நாங்கள் ஏன் இத்தனை தாமதமாகச் சிரிக்கிறோம் என்று திரும்பிப் பார்க்கிறாள். ஒரே சாய்விருக்கையில் அமர்ந்திருந்தும் எங்கள் சிரிப்புகள் சந்திக்கவில்லை. ஆனால், தமிழ் எழுத்தறியாத, ஆங்கில அடிவரியைப் படிக்கக் கண்ணொளி போதாத அக்கா, எங்களோடு ஒரே கணத்தில் சிரித்தார். எப்படி என்று கேட்டோம். இதே கதையைத் தாம் கன்னடத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னார். உண்மைதான். ஸ்ரீதர் 1964இல் எடுத்த இப்படம் இந்திக்கும் தெலுங்குக்கும் போனது. 1979இல் 'பிரீதி மாடு தமாஷே நோடு' என்ற பெயரில் கன்னடத்திற்கும் வந்தது. துவாரகீஷ், ஸ்ரீநாத், சங்கர் நாக் ஆகியோர் நடித்தனர். "நம்ம துவாரகீஷ்" என்று அவர் பெருமையோடு சொன்னார். "எங்கள் நாகேஷ்" என்று நாங்கள் சொன்னோம். இந்தப் பங்கீட்டில் எந்த நடுவர் மன்றத்துக்கும் வேலை இருக்கவில்லை.

நாகேஷ், தாம் எடுக்கப்போகும் படத்தின் பேய்க்கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் காட்சி வந்தது. தமிழ் அறிந்தார் அனைவரும் அறிந்த காட்சி. அதில் நாகேஷைப் புகழாதார் இலர். எங்கள் கருத்தோ, அக்காட்சியின் பெரும்பங்கு பாலையாவுக்கு உரியது என்பது. சொல்பவன் கையில் ஓசைகளும் சைகைகளும் இருக்கின்றன. கேட்பவர் கையில் ஒன்றுமே இல்லை. கண்ணும் கன்னமும் உதடுமாக, ஒரு பெரிய பணக்காரர் சிறு பிள்ளையாகக் கரைந்துகொண்டே போகிறார். அச்சமும் நகையும் வெவ்வேறு மெய்ப்பாடுகள் என்று பிரித்து வைத்த இலக்கணம் அம்முகத்தில் ஒன்றாகிவிடுகிறது. கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் சொல்லத் தெரிந்தவர் என்ன செய்வார்?

பேத்தி அடிவரியை மறந்தாள். அவள் கண்கள் திரையின் அடிப்பகுதியை விட்டு மேலே ஏறியதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அக்காட்சியில் நால்வரும் ஒருங்கே சிரித்தோம். மூன்று முறை அதைத் திரும்பப் போடச் சொன்னாள்.

அன்றிரவு விளக்கணைத்துப் படுத்த பின், இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாட்டி... கதவு திறந்துச்சு... ஆளு இல்லே... ஆனா கால் மட்டும் வர்ரான்." நாங்கள் மூச்சுவிடவில்லை. இதே கதையை ஆங்கிலத்தில் சொன்னால் பயம் வராது என்பது அவளுக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது. யாரும் கேட்காமல், தானாகவே, நான்கைந்து நிமிடம் தமிழில் பேசினாள். 'கால் வர்ரான்' என்பதில் உள்ள திணைவழுவைத் திருத்த எங்களுள் ஒருவருக்கு நா துடித்தது. மற்றவர் கையைக் கிள்ளினார். பேய்க்கு எத்திணை என்று யார் கண்டது? நாங்கள் இருவரும் பாலையாவைப்போல் நடுங்கிக் காட்டினோம். நடிப்பு மோசமில்லை என்றே எண்ணுகிறோம்.

ஞாயிறு காலை பூரி. மாவு பிசையும்போது, 'அறிவாளி' படத்தில் தங்கவேலு தம் மனைவியாக வரும் முத்துலட்சுமிக்குப் பூரி சுடக் கற்றுக்கொடுக்கும் பகுதியைப் போட்டோம். 1963இல் வந்தது. கணவர் சொல்லும் ஒவ்வொன்றும் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மையார் அவரை உருக்குலைத்துவிடுவார். பேத்தி அதை எளிதில் பிடித்துக்கொண்டாள். காலை முழுவதும் எங்கள் சொற்களுக்கெல்லாம் அதே விடையைச் சொல்லி எங்களையும் உருக்குலைத்தாள்.

அதற்குப் பிறகு போட்ட படத்தைப் பற்றி எழுதவேண்டுமா என்று தயங்கினோம். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்தது, பெயர் வேண்டா. கொட்டகையில் நாங்கள் இருக்கையிலிருந்து விழுந்து சிரித்த படம். பருத்தவர் ஒருவரை ஒல்லியானவர் உதைக்கிறார். ஒரு பெண் கறுப்பாக இருக்கிறாள் என்பதற்காக அவளைப் பார்த்து நால்வர் ஓடுகிறார்கள். பேத்தி சிரிக்கவில்லை. அடிவரியை இருமுறை படித்தாள். "தாத்தா, அந்த அக்கா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றோம். "அப்போ ஏன்?" என்றாள். அவள் நிறமும் எங்கள் நிறம்தான். எள்ளலும் நகைக்குரிய களன்தான் என்று இலக்கணத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம். அணைத்துவிட்டோம். அவளுக்குப் புரியாத சிரிப்பை அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று முதல்நாள் வருந்தியவர்கள் நாங்கள். இந்தச் சிரிப்பு எங்களோடு போகட்டும்.

மாலையில் 'மைக்கேல் மதன காமராஜன்'. இதைப் பேத்திதான் தேர்ந்தெடுத்தாள். ஒரே நடிகர் நான்கு வேடம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கள் கண்கள் ஒருகணம் சந்தித்து விலகின. இப்படத்தை வீட்டில் நாங்கள் கடைசியாகப் பார்த்தது 1991 டிசம்பரில்.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்த பின் அந்த டிசம்பரில் இந்நகரில் நடந்தவற்றை, அன்று இங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னர் வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, பல்லாயிரவர் ஊரை விட்டு வெளியேறினர், ஊரடங்கு வந்தது. நாங்கள் போகவில்லை. போக இடமில்லை என்பது பாதி. அக்கா போகவிடவில்லை என்பது மறுபாதி. ஒருநாள் முற்பகல், தெருமுனையில் கூச்சல் கேட்டபோது, அவர் ஒரு முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசற்படியில் அமர்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். கூட்டம் வந்தது, அவரைப் பார்த்தது, அவர் நிமிரவே இல்லை, கடந்து போய்விட்டது. அந்த அரிசியில் கல்லே இல்லை என்று பின்னாளில் சொன்னார்.

மகனுக்கு அப்போது பத்து வயது. நான்கு நாள்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவன், முன்பே வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தர முடியாமல் போன ஒளிநாடாவைப் போடச் சொல்லி அழுதான். சன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒலியைக் குறைத்துப் போட்டோம். முந்தைய ஆண்டுத் தீபாவளிக்கு வந்த படம். கிரேசி மோகன் உரையாடல். திருமண விருந்தின் சாம்பாரில் மீன் விழும் காட்சியில் மகன் தன்னை மறந்து உரக்கச் சிரித்தான். தமிழ்ப் படத்தின் ஓசைக்குச் சிரிக்கும் சிரிப்பு தெருவுக்குக் கேட்டால்? எங்களுள் ஒருவர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். அவன் உடம்பு சிரிப்பில் குலுங்கியது. கை வாயின் மேல் இருந்தது. கண்ணில் நீர் வந்தது. அப்போது கதவைத் தட்டி உள்ளே வந்தவர் அக்கா. "ஸவுண்ட் கம்மி மாடி" என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு தாமும் அமர்ந்து, ஓசையில்லாத படத்தை முடியும்வரை பார்த்தார்.

அந்த மகன் இன்று தன் மகளோடு ஆங்கிலத்தில் பேசுகிறான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. பள்ளி, வேலை, காலம் என்று காரணங்கள் பல இருக்கின்றன, எல்லாம் உண்மையே. ஆயினும், பொத்திய அந்தக் கையை அவ்வப்போது நாங்கள் பார்த்துக்கொள்வதுண்டு.

இவற்றில் ஒன்றையும் பேத்திக்குச் சொல்லவில்லை. அவள் படத்தில் ஆழ்ந்திருந்தாள். பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரன் பேசும்போது நாங்கள் சிரித்தோம்; அவள் காரணம் கேட்டாள். அவர் பேசுவது பாலக்காட்டுத் தமிழ் என்றோம். "அது தமிழ் இல்லையா? உங்க மாதிரிதானே பேசறார்?" என்றாள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலைத்தொடர் ஒரே மலையாகத் தெரிவது போல, அவளுக்கு எல்லாத் தமிழும் ஒரே தமிழ். நாங்கள் பேசுவதும் ஒரு வட்டாரத் தமிழே, அதைக் கேட்டுக் குடியாத்தத்து உறவினர் சிரிப்பார்கள் என்றோம். 'கொஞ்சம்' என்பது எங்கள் வீட்டில் எப்போதோ 'ஸ்வல்ப' ஆகிவிட்டதை எடுத்துக்காட்டினோம். இது அவளுக்குப் பெருவியப்பாக இருந்தது. அப்படியானால் தான் பேசும் தமிழும் ஒருவகைத் தமிழா என்று கேட்டாள். ஆம் என்றோம். "அதைக் கேட்டும் சிரிப்பாங்களா?" நிச்சயமாக என்றோம். அவள் மகிழ்ச்சி அடைந்ததாகவே தோன்றியது.

அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தார். வந்ததும் கைலாசத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். கன்னட நகைச்சுவை நாடகத்துக்குத் தந்தை எனப்படும் டி.பி. கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் பிசைந்து பெங்களூர் நடுத்தர வீடுகளைச் சிரிக்க வைத்து, 1946இல் மறைந்தார். அவருடைய நாடகம் ஒன்றைத் தம் தந்தையார் பார்த்துவிட்டு வந்து வீட்டில் நடித்துக்காட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், திரையில் திருமணப் பந்தல் வரக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் நினைவிருக்கிறது போலும். எங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்தார்.

மீன் விழுந்தது. பேத்தி கூவிச் சிரித்தாள். சாரல் நின்றிருந்ததால் சன்னல் திறந்திருந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார். அக்கா ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து எங்கள் பக்கம் திரும்பினார். சில ஆண்டுகளாகவே அவருக்குச் செவி மந்தம்.

"ஜாஸ்தி மாடி" என்றார். "கேளிஸல்லா."

பேத்தி, தொலைக்காட்சியின் விசைக்கருவியைத் தேடித் தலையணைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறியத் தொடங்கினாள்.